கொட்டிலிற் பயன்படும் தொற்றுநீக்கிகளும் விலங்குகளின் ஈரலும்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் கொம்பறைக்கு வந்து சேர்ந்த பின்னர், கமக்காரர் வீட்டில் இரண்டு வேலைகள் ஒருங்கே நடைபெறுவதுண்டு. ஒன்று, மாரி முழுவதும் சேறும் சாணமுமாய்க் கிடந்த மாட்டுக்கொட்டிலைக் கழுவித் தொற்றுநீக்கி தெளித்தல். மற்றது, சேர்த்துவைத்த நெல்லை எலிகளிடமிருந்து காத்தல். முதல் வேலைக்குக் கடையிற் போத்தல் வாங்குகின்றோம். இரண்டாவது வேலையைப் பெரும்பாலான வீடுகளிற் பூனை செய்கின்றது. முதல் வேலைக்கென வாங்கிய போத்தல், இரண்டாவது வேலையைச் செய்யும் பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

கமக்காரர் ஒருவர் எம்மிடம் வந்து முறையிட்ட செய்தி இது. அவர் தம் கொட்டிலைக் கறுப்புத் தொற்றுநீராற் கழுவினார். பசுவின் குளம்பிடைப் புண்ணையும் நீர் கலந்த அதே மருந்தாற் கழுவினார், புண் ஆறியது. உண்ணி பிடித்திருந்த நாயையும் அதிற் குளிப்பாட்டினார். நாய் ஒரு நாள் சோர்ந்திருந்து பின்னர் தேறியது. வாளியில் எஞ்சியிருந்த நீரில், தெள்ளுக்காக வீட்டுப் பூனையையும் தோய்த்தெடுத்தார். மறுநாட் காலையிற் பூனை வாயில் எச்சில் வழிய, உடல் நடுங்கிக் கிடந்தது, மாலைக்குள் இறந்தது. பசுவுக்கும் நாய்க்கும் ஒன்றுஞ் செய்யாத மருந்து பூனையை மாத்திரம் எவ்வாறு கொல்லும் என்று எண்ணிய அவர், அயல்வீட்டார் நஞ்சு வைத்தனர் என முடிவு செய்தார். இரு வீட்டாரும் சில மாதங்கள் பேச்சின்றி இருந்தனர். அவர் தேடிய விடை அயல்வீட்டில் இல்லை. பூனையின் ஈரலில் இருந்தது.

பீனோல் என்பது யாது?

கறுப்புத் தொற்றுநீர், கிறீசோற் சவர்க்காரக் கரைசல், காயங்கழுவுதற்கு விற்கப்படும் குளோரோசைலினோல் சேர்ந்த மஞ்சள் நிறக் கரைசல் ஆகியவை ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இக்குலத்தின் மூதாதை பீனோல் ஆகும். இதற்குக் காபோலிக் அமிலம் என்ற பெயரும் உண்டு. செருமானிய இரசாயனவியலாளர் ரூங்கே 1834ஆம் ஆண்டில் நிலக்கரித் தாரிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். 1865ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரத்தில் சத்திரவைத்தியர் யோசேப் லிஸ்ரர், எலும்பு முறிந்து தோல் கிழிந்த ஒரு சிறுவனின் காயத்திற் காபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திச் சீழ்பிடியாது காத்தார். அக்காலம் முதற்கொண்டு இக்குலத்து மருந்துகள் வைத்தியசாலையிலும் பண்ணையிலும் இடம்பெற்று வருகின்றன.

கிருமியைக் கொல்லும் அதே இயல்பே விலங்கின் உடலுக்கும் தீங்கு செய்கின்றது. பீனோல் கொழுப்பிற் கரையும். ஆதலாற் கிருமியின் புறச்சவ்வை ஊடுருவி அதன் புரதங்களைக் கெடுக்கின்றது. தோலையும் அவ்வாறே ஊடுருவும். புண்பட்ட தோலில் மட்டுமன்றி, நல்ல தோலினூடாகவும் இது குருதியிற் சேரும். குருதியிற் சேர்ந்தபின் நரம்புகளைத் தாக்குகின்றது; ஈரலையும் சிறுநீரகத்தையும் பழுதாக்குகின்றது.

ஈரல் செய்யும் வேலை

கொழுப்பிற் கரையும் பொருள்கள் சிறுநீருடன் எளிதில் வெளியேறமாட்டா. சிறுநீரகம் வடித்தாலும் அவை மீண்டும் குருதிக்குள் ஊறிவிடும். ஆகவே அவற்றை நீரிற் கரையும் பொருளாக மாற்றுதல் வேண்டும். இவ்வேலையின் பெரும்பகுதியை ஈரல் செய்கின்றது. பீனோலுடன் வேறொரு பொருளை இணைத்து, நீரிற் கரையும் புதிய பொருளாக அதனை ஆக்குகின்றது. இணைந்தபின் அதன் நஞ்சுத்தன்மை பெரிதும் குறைந்துவிடும். அது சிறுநீருடன் கழிந்துவிடும்.

இணைப்பதற்கு ஈரலிடம் இரண்டு முக்கிய வழிகள் உள்ளன. முதலாவது, குளுக்கோசிலிருந்து ஈரலிலேயே உண்டாகும் குளுக்குரோனிக் அமிலத்தை இணைத்தல். இரண்டாவது, நாம் உண்ணும் புரதத்திலுள்ள கந்தகத்திலிருந்து கிடைக்கும் சல்பேற்றை இணைத்தல். இரண்டையுஞ் செய்வதற்குத் தனித்தனி நொதியங்கள் வேண்டும்.

கமக்காரர்க்கு இதனை வயலின் வடிகாலைக் கொண்டு விளக்கலாம். மழைவெள்ளம் புகுந்த வயலுக்குப் பெரிய வடிகால் ஒன்றும் சிறிய வடிகால் ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். குளுக்குரோனிக் அமில வழி பெரிய வடிகால். எவ்வளவு வெள்ளம் வரினும் ஓரளவு தாங்கும். சல்பேற்று வழி சிறிய வடிகால். தூறலுக்குப் போதும், அடைமழைக்குப் போதாது. ஏனெனில் உடலிற் சல்பேற்றின் இருப்புச் சிறிது, விரைவிற் செலவாகிவிடும். பெரிய வடிகால் அடைபட்ட வயலிற் பயிர் அழுகுவது போலவே, முதல் வழி இல்லாத விலங்கிற் பீனோல் தேங்கி நிற்கும்.

எல்லா முலையூட்டிகளுக்கும் இவ்விரு வடிகால்களும் ஒரே அளவில் அமையவில்லை. 1972ஆம் ஆண்டிற் பிரித்தானிய ஆய்வாளர் சிலர், கதிரியக்கக் காபனால் அடையாளமிட்ட பீனோலைச் சிறு அளவிற் பலவின விலங்குகளுக்குக் கொடுத்து, அது சிறுநீரில் எவ்வடிவில் வெளிவருகின்றதெனக் கண்டறிந்தனர். மனிதரிலும் எலியிலும் இரு வழிகளும் தொழிற்பட்டன. பன்றி தனக்குக் கொடுக்கப்பட்டதைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்தே வெளியேற்றியது. சல்பேற்று வழி அதனிடம் மிக நலிந்தது. பூனை நேர்மாறானது. அதன் சிறுநீரிற் கிடைத்தவை சல்பேற்றுச் சேர்க்கைகளே. பெரிய வடிகாலுக்குரிய அடையாளம் அதில் இல்லை.

பசுவும் பூனையும் ஏன் வேறுபடுகின்றன?

பசு நாள்தோறும் உண்பது புல், வைக்கோல், இலைகுழை. தாவரங்களிற் பீனோல் இனப் பொருள்கள் இயல்பாகவே நிறைந்துள்ளன. அன்றியும், பசுவின் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீனைப் புளிக்கவைக்கும்போது கிறீசோல் உண்டாகின்றது. ஆம், போத்தலில் அடைத்து விற்கப்படும் கறுப்புத் தொற்றுநீரிலுள்ள அதே கிறீசோல்தான். பசுவின் சிறுநீர் சில நாள் கிடந்தபின் எழும் காட்டமான நெடியில் இதற்கும் பங்குண்டு. ஈரல் இணைத்து அனுப்பிய கிறீசோலை நிலத்திலுள்ள நுண்ணுயிர்கள் மீண்டும் பிரித்துவிடுவதே அதற்குக் காரணமாகும். ஆபிரிக்காவில் உறக்கநோயைப் பரப்பும் செற்சி ஈயைப் பொறிவைத்துப் பிடிப்பதற்குப் பழைய மாட்டுச் சிறுநீரை வைப்பதும் இந்த நெடியை நம்பியே. ஆகவே பசுவின் ஈரல் ஒவ்வொரு நாளும் தொற்றுநீக்கியைக் கழிக்கும் தொழிலிற் பழகிய ஈரலாகும். செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவையும் அவ்வாறே.

பூனை இறைச்சியுண்ணி. இறைச்சியில் இத்தகைய தாவரப் பொருள்கள் மிகக் குறைவு. பூனையின் முன்னோர்க்கு இந்த வடிகால் தேவைப்படவில்லை. தேவைப்படாதது பழுதடைந்தபோது எவ்விழப்பும் ஏற்படவில்லை. பீனோலுடன் குளுக்குரோனிக் அமிலத்தை இணைக்கும் நொதியத்தை ஆக்குதற்குரிய பரம்பரையலகு பூனையிற் சிதைந்து பயனற்றுக் கிடப்பதை அமெரிக்க ஆய்வாளர்களான மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2011ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, இச்சிதைவு ஏறக்குறைய 350 இலட்சம் ஆண்டுகளுக்கும் 110 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது. இன்று வாழும் பூனைக் குடும்பத்து விலங்குகள் அனைத்திலும் அது காணப்படுகின்றது. நம் காடுகளிலுள்ள சிறுத்தையும், குளக்கரைகளிற் திரியும் மீன்பிடிப் பூனையும் இதற்கு விலக்கல்ல. நாய் பூனையைப் போல ஊனுண்ணியாயினும், இப்பரம்பரையலகு அதனிடம் பழுதின்றி உள்ளது.

பூனையின் ஈரல் மொத்தத்திற் பலவீனமானது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பித்தநிறப்பொருளை அது முறையாகவே குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைக்கின்றது; அதற்குரிய நொதியம் வேறு. ஒரு வடிகால் மட்டுமே இல்லை. ஆனால் நம் கடைகளில் விற்கப்படும் மருந்துகளிற் பல அந்த ஒரு வடிகாலை நம்பியே செய்யப்பட்டவை.

இவ்வேறுபாட்டின் அளவை அறிய இன்னொரு மருந்தைப் பார்ப்போம். படைக்குப் பூசும் களிம்பிற் சேரும் சலிசிலிக் அமிலமும் பீனோற் குலத்தின் உறவே. அசுப்பிரினும் உடலினுட் சென்றவுடன் இதுவாகவே மாறும். இம்மருந்தின் உப்பை விலங்குகளின் நாளத்திற் செலுத்தி, குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைவதற்கு எவ்வளவு நேரம் செல்கின்றது என்று 1972ஆம் ஆண்டில் அளந்துள்ளனர். வெள்ளாட்டில் ஒரு மணித்தியாலத்திற்கும் குறைவு. மட்டக்குதிரையில் ஒரு மணித்தியாலம். பன்றியில் ஏறக்குறைய 6 மணித்தியாலம். நாயில் 8 முதல் 9 மணித்தியாலம். பூனையில் ஏறக்குறைய 38 மணித்தியாலம். புல்லுண்ணிகளின் சிறுநீர் காரத்தன்மை உடையதாதலால் இந்த அமிலம் அவற்றில் விரைந்து கழியும் என்பதையும் கூறவேண்டும். எல்லாப் புகழும் ஈரலுக்கே உரியதன்று. எனினும், ஊனுண்ணிகளான நாய்க்கும் பூனைக்கும் இடையிலேயே நான்கு மடங்கு வேறுபாடு உள்ளமை கவனித்தற்குரியது. காலையிற் கொடுத்த மருந்தை மாலையில் மீண்டும் கொடுத்தால், நாயின் உடலில் முதல் மருந்து பெரும்பாலும் கழிந்திருக்கும். பூனையின் உடலில் அது அப்படியே கிடக்க, இரண்டாவதும் அதன்மேற் சேரும்.

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பரசிற்றமோலும் இதே வழியை நாடுவது. 500 மில்லிகிராம் கொண்ட ஒரேயொரு வில்லை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. கழிக்கப்படாத பரசிற்றமோல் வேறு நச்சுப்பொருளாக மாறி, குருதியின் செந்நிறப்பொருளைக் கெடுத்துவிடும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். பூனைக்குக் காய்ச்சல் என்று இரக்கங்கொண்டு அரை வில்லையைப் பாலிற் கரைத்துக் கொடுப்போர் நம்மிடையே உளர். அந்த இரக்கம் வேண்டாம்.

இளங்கன்றுகள் பற்றி ஓர் எச்சரிக்கை

பசுவின் ஈரல் வலியது என்றதனாற் பிறந்த கன்றின் ஈரலையும் அவ்வாறே எண்ணிவிடலாகாது. குளுக்குரோனிக் அமிலத்தை இணைக்கும் ஆற்றல் பிறந்தவுடன் மிகக் குறைவாயிருந்து, சில கிழமைகளிற் படிப்படியாகவே வளர்கின்றது. மனிதக் குழந்தைக்கும் இவ்விதி பொருந்தும். 1970களில் அமெரிக்காவில், பீனோல் இனத் தொற்றுநீக்கியாற் கழுவப்பட்ட குழந்தைகள் விடுதிகளிற் பிறந்த குழந்தைகளிடையே மஞ்சட்காமாலை மிகுந்தமை கண்டறியப்பட்டது. ஆகவே தொப்புட்கொடி காயாத கன்றுக்குக் கறுப்புத் தொற்றுநீர் தடவும் வழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். தொப்புளுக்கு அயடீன் கரைசலே ஏற்றது. கொட்டிலைத் தொற்றுநீக்கியாற் கழுவினால், தரை நன்கு உலருமுன் கன்றை அதிற் படுக்கவிடலாகாது.

பன்றியின் பெரிய வடிகால் அகலமானதெனினும் அதற்கும் எல்லையுண்டு. வட அமெரிக்காவில், துப்பாக்கி பயில்வோர் சுட்டெறிந்த தார்ப்பிசின் வட்டுகளின் துண்டுகளைத் தின்ற பன்றிகள் ஈரல் சிதைந்து இறந்தமை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பதிவாகியுள்ளது. தாரில் இருப்பது பீனோல் மட்டுமன்று. பன்றிக்கொட்டிலின் சுவருக்கும் பலகைக்கும் தார் பூசுவோர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

போத்தலைத் தெரிந்தெடுத்தல்

சுட்டுத்துண்டிலுள்ள இரசாயனப் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திற் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன; அவற்றை வாசிக்க இயலாதோர்க்கு எளிதான சோதனை ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையிற் தெளிந்த நீரை எடுத்து, அதிற் சில துளி மருந்தை விட்டுப் பார்த்தல் வேண்டும். நீர் பால்போல் வெண்மையாகக் கலங்குமாயின், அது பெரும்பாலும் பீனோல் இனத்தையோ பைன் எண்ணெயையோ சேர்ந்தது. அது பூனைக்கு ஆகாது. கலங்காத மருந்து யாவும் பூனைக்கு நல்லது என்று மறுதலையாகக் கொள்ளலாகாது. எடுத்துக்காட்டாக, தரை துடைக்கும் கரைசல்கள் பலவற்றில் இன்று பென்சல்கோனியம் குளோரைட்டு சேர்க்கப்படுகின்றது; நீரைக் கலக்காத இப்பொருள், காலில் ஒட்டியதைப் பூனை நக்கும்போது அதன் நாவையும் வாயையும் புண்ணாக்கும். ஒரே பெயரில் விற்கப்படும் போத்தல்களிலும் உள்ளிருக்கும் பொருள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளமையால், பெயரை நம்பாது சுட்டுத்துண்டை நம்புதல் வேண்டும்.

பூனை தன் உடலை நக்கித் துப்புரவு செய்யும் விலங்கு. மருந்தை அதற்கு யாரும் ஊட்டவேண்டியதில்லை. ஈரத்தரையில் நடந்து வந்து, கொம்பறைக்கடியிற் சாக்கின்மேற் படுத்து, பாதங்களை நக்கினால் அதுவே போதும். எனவே கொட்டிலிற் பீனோல் இன மருந்து பயன்படுத்தும் நாளிற் பூனையை வீட்டினுள் அடைத்துவைத்தல் வேண்டும். சுட்டுத்துண்டிற் கூறிய நேரம் கழிந்தபின் தரையை நீராற் கழுவி, உலர்ந்தபின்னரே அதனை வெளியே விடுதல் வேண்டும். கொம்பறையைச் சூழவும், நெல் மூடைகள் அடுக்கும் அறையிலும் இம்மருந்துகளைப் பயன்படுத்தவே வேண்டாம். நெல்லிலும் அந்நெடி ஏறிவிடும். பாற்பாத்திரங்களையும் பசுவின் மடியையும் இவற்றாற் கழுவினாற் பாலில் நெடியேறி, பாற்சேகரிப்பு நிலையத்தில் மறுக்கப்படும்.

பூனை புழங்கும் இடங்களுக்கு வெளிற்றுந் தூள், அதாவது பிளீச்சிங் தூள், கரைத்த நீரே மேலானது. அது தன் வேலையை முடித்தபின் பெரும்பாலும் உப்பாக மாறிவிடும். ஆயின் சாணத்தின்மேலும் மூத்திரத்தின்மேலும் அதனை ஊற்றினாற் பயனில்லை. அழுக்கே அதன் வலிமையைத் தின்றுவிடும், மூத்திரத்திலுள்ள அமோனியாவுடன் சேர்ந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயுவும் எழும். முதலிற் சாணத்தை வாரி, தரையை நீராற் கழுவி, பின்னரே அதனை ஊற்றுதல் வேண்டும். மலகூடம் கழுவும் அமிலத்துடனும் அதனைக் கலக்கலாகாது.

பூனையின் காயத்திற்கு, கொதித்தாறிய அரை லீற்றர் நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுதலே போதும். பொவிடோன் அயடீன் இருப்பின், வெறுந்தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

மரக்கறிச் செய்கையாளர்க்கு இங்கே ஒரு சொல். தெள்ளுக்கும் உண்ணிக்கும் நாயின் முதுகில் விடும் துளிமருந்துகள் சிலவற்றிற் பேமெத்திரின் உண்டு. கத்தரி, மிளகாய்ப் பயிர்களுக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகள் சிலவும் அதன் இனத்தவையே. பேமெத்திரினை முறித்துக் கழிப்பதிலும் பூனையின் ஈரல் மிகவும் பின்தங்கியது. நாய்க்குரிய துளிமருந்தைப் பூனைக்கு விடுவதும், தெளிகருவியில் எஞ்சியதைப் பூனைமேல் அடிப்பதும் அதன் உயிரைப் போக்கும்.

நஞ்சேறிய பூனைக்குச் செய்யவேண்டியவை

எச்சில் வழிதல், தள்ளாடி நடத்தல், தசைகள் துடித்தல், மூச்சு வேகமாதல், வாயிலும் நாவிலும் வெண்ணிறச் சூட்டுப்புண் தோன்றல், சிறுநீர் கருமையாதல் ஆகியவை பீனோல் நஞ்சின் அறிகுறிகள். இவை தோன்றும்வரை காத்திராது, மருந்து பட்டதை அறிந்தவுடனேயே பூனையின் உடலை இளஞ்சூட்டு நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் பலமுறை கழுவுதல் வேண்டும். கழுவுபவர் கையுறை அணிதல் நன்று; மருந்து அவர் தோலினூடாகவும் செல்லும். கழுவியபின் துவாயாற் சுற்றி, நக்கவிடாது தடுத்து, சூடாக வைத்திருத்தல் வேண்டும். வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உட்சென்றபோது சுட்டது வெளிவரும்போதும் சுடும். நடுங்கும் பூனையின் வாயிலோ உணர்விழந்த பூனையின் வாயிலோ பாலையோ எண்ணெயையோ ஊற்றினால் அது நுரையீரலிற் புகுந்துவிடும்.

பீனோலுக்கெனத் தனியான மாற்றுமருந்து இல்லை. ஆயினும் நாளத்தினூடாக நீர் ஏற்றியும் நடுக்கத்தைத் தணித்தும், சிறிய வடிகால் தன் வேலையை முடிக்கும்வரை மிருக வைத்தியர் உயிரைத் தாங்கி வைத்திருக்கக்கூடும். பரசிற்றமோல் நஞ்சுக்கு மாற்றுமருந்து உண்டு; முதற் சில மணித்தியாலங்களிற் கொடுத்தாலே அது முழுப்பயன் தரும். எதுவாயினும் பூனையுடன் போத்தலையும் அல்லது வில்லையின் உறையையும் அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். எம்மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குப் பட்டது என்ற மூன்றையும் வைத்தியர் முதலிற் கேட்பார்.